பதினோரு ராஜாக்களும் ஒரு குடிமகளும்

நான் சரித்திரம் படித்தவள். அமெரிக்காவில் எடிசன் என்கிற எங்கள் ஊரில் இதை வெளியே சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். எங்கள் குடியிருப்பில் நாலு பேர் கூடி நின்றால் அதில் ஐந்து பேர் இன்ஜினியர். எம்.ஏ. ஹிஸ்டரி என்றதும் எதிரில் இருப்பவர் முகத்தில், வீட்டில் ஏதோ துக்கம் நடந்துவிட்டதைக் கேட்டவர்போல் ஓர் இரக்கம் வரும். "ஓ, அதுக்கப்புறம் என்ன கோர்ஸ் பண்ணீங்க?" என்று ஆறுதலாகக் கேட்பார்கள். அதற்கப்புறம் கல்யாணம்தான் பண்ணினேன் என்பேன். திருச்சியிலிருந்து கணவரின் விசாவில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினேன். உலகப் புரட்சிகளைப் பற்றி நான் படித்துவைத்திருந்த எதுவும் ஓக் ட்ரீ ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங் கண்டுபிடிக்க உதவவில்லை.

அந்தப் படிப்புக்கு ஒரே ஓர் இடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது, வேலை மட்டும். ஒரு மிடில் ஸ்கூல் கட்டடத்தை ஞாயிறுதோறும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆட்கள் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். அதில் ஐந்தாம் நிலைக்கு நான் டீச்சர். வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாரும் இங்கே பிறந்தவர்கள். தமிழில் கேட்டால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி என் மகள்.

பள்ளிக்கு ஒரு தலைவர் உண்டு. பதின்மூன்று வருடமாக அவரேதான். விதிமுறைப் புத்தகத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று போட்டிருக்கிறது, தேர்தலும் தவறாமல் நடக்கிறது. ஆண்டு விழா முடிந்து, சாம்பார் சாதமும் தயிர் சாதமும் அலுமினிய ட்ரேக்களில் வந்து இறங்கி, மூடியைத் திறந்து வாசனை அரங்கத்துக்குள் வரும் நேரம் பார்த்துப் பொருளாளர் மைக்கைப் பிடிப்பார். "அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் நம்ம தலைவரே தொடரணும்னு நினைக்கிறவங்க எல்லாம் பலமா கைதட்டுங்க!" எல்லாரும் தட்டுவார்கள். நினைக்காதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பசி நேரத்தில் யார் கேட்பார்கள்? தட்டு எடுக்கப் போகும் வரிசையில் முன்னால் நிற்பதுதான் அப்போதைய அரசியல்.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. நாலு பிள்ளைகளோடு தன் வீட்டு பேஸ்மெண்டில் இந்தப் பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். பனி கொட்டும் நாளில்கூட முதல் ஆளாக வந்து கதவு திறந்திருக்கிறார். கெட்ட ராஜாவாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! இவர் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்கிற ராஜா. அதோடு ஒரு கன்சல்டிங் கம்பெனியும் வைத்திருந்தார். பெற்றோரில் பாதிப் பேர் அதில்தான் வேலை பார்த்தார்கள், என் கணவர் உட்பட. தினமும் காலையில் ரயிலேறி மன்ஹாட்டனில் யாரோ ஒரு க்ளையண்ட் ஆபீசுக்குப் போய் வருவார் அவர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை விசாவை நீட்டிக்கிற பெட்டிஷனில் தலைவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் நாங்கள் இந்த நாட்டில் மூச்சு விடுவதே சட்டப்படி சிரமம். "நாம எல்லாம் ஒரே குடும்பம்மா" என்பது தலைவர் அடிக்கடி சொல்லும் வாசகம். குடும்பத்தில் யாரும் தேர்தல் நடத்துவதில்லை என்பது அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அதுவரை இதெல்லாம் உறுத்தியதில்லை. உறுத்த வைத்தவள் என் மகள். வாரநாளில் அவள் போகும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் புரட்சிகள் பாடம். இந்த நாடு கடலுக்கு அப்பால் இருந்த ராஜாவை வேண்டாம் என்று சொன்னது, அதைப் பார்த்து பிரான்ஸில் ராஜாவின் தலையையே வேண்டாம் என்று சொன்னது, எல்லாம் படித்துவிட்டு வந்தாள். சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள், அந்த ராஜா ஒரே ஓர் ஆள்தானே, அத்தனை பேர் ஏன் அவன் சொன்னதைக் கேட்டார்கள் என்று.

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அடுப்பை அணைத்துவிட்டேன். ராஜாக்கள் தங்கள் அதிகாரம் கடவுள் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்ததையும், கொஞ்சம் பேர் உட்கார்ந்து யோசித்து, கடவுள் கொடுத்ததென்றால் அந்தக் கடிதத்தைக் காட்டு என்று கேட்க ஆரம்பித்ததையும் சொன்னேன். ஆள்கிறவன் ஆள்வது ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தால்தான், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு, இதை எழுதி வைத்துத்தான் நீ பிறந்த நாடே பிறந்தது என்று சொன்னபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த மகத்தான நாளை நாங்கள் வருடா வருடம் ஜூலையில் தள்ளுபடி விலையில் மெத்தை வாங்கிக் கொண்டாடுகிறோம் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

தமிழர்கள் எந்த ராஜாவையாவது துரத்தியிருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சமஸ்தானம் இருந்தது. நாடு விடுதலை ஆனதும் அந்த ராஜா ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்போது சில பேர் அழுதார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அழுதவர்கள் சும்மா இருக்கவில்லை. ராஜா இல்லாத குறை தெரியாமல் அன்றிலிருந்து பார்த்துக்கொள்கிறோம். ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும் மேடையில் ஏற்றி அவர் தலையில் ஒரு கிரீடம் வைத்து, கையில் ஒரு செங்கோல் கொடுத்து, தோளில் பொன்னாடை போர்த்தினால்தான் எங்களுக்கு மனசு ஆறும். இதைச் சொன்னதும் அவள் சிரி சிரியென்று சிரித்தாள். ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதும் பொறுப்பு அந்த வருடம் என்னுடையது. என்ன எழுதுவது என்பது அந்தச் சமையலறையிலேயே முடிவாகிவிட்டது.

ஒரு ராஜா, பதினோரு குடிமக்கள். ராஜா வரி போடுகிறான், மக்கள் எழுகிறார்கள், ராஜா கிரீடத்தைக் கழற்றுகிறான். பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் கதைச் சுருக்கத்தைப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஓர் அப்பா தனியாக அழைத்தார். "மேம், ஸ்டோரி சூப்பர். ப்ரோக்ராம் ஷீட்ல மட்டும் புரட்சின்னு பிரிண்ட் பண்ண வேணாமே. எங்க கிரீன் கார்ட் இன்டர்வியூ அடுத்த மாசம்." புரட்சியில் பிறந்த நாட்டில் குடியேற அந்த வார்த்தை இடைஞ்சல் என்று அவர் நினைத்தார். நானும் ஷீட்டில் 'கலை நிகழ்ச்சி, ஐந்தாம் நிலை' என்று போட்டுவிட்டேன். பயம் அவருக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நன்றாகச் சிரித்தேன்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எல்லாரும் தனித்தனியாக, எல்லாரும் ஒரே விஷயத்துக்கு. "எங்க பையனுக்கு டயலாக்கே வேணாம் மேம், கிரீடம் மட்டும் போதும்." "பாட்டி தாத்தா ஸூம்ல பார்ப்பாங்க மேம், குடிமகன்னா அவங்களுக்கு கஷ்டமா இருக்கும்." ஒரு பெண்ணின் அம்மா சண்டைக்கே வந்தார். "ராஜான்னா பையனாத்தான் இருக்கணுமா? இந்தக் காலத்துல போய் இப்படி யோசிக்கிறீங்களே!" ராஜா ஒருத்தர்தான் என்று குரூப்பில் கண்டிப்பாக எழுதினேன். எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தி ஒப்புக்கொண்டார்கள்.

முதல் ஒத்திகைக்குப் பதினோரு ராஜாக்கள் வந்தார்கள். சென்னையிலிருந்து வந்த யாருடைய மாமியாரோ பெட்டியில் கொண்டுவந்த ஜிகினாக் கிரீடங்கள், வெல்வெட் அங்கிகள், ஒருவனுக்கு மீசை வேறு. "சீன்ல போட வேணாம் மேம், போட்டோவுக்காவது இருக்கட்டும்" என்று கார் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். மக்களாட்சிக்காக எழுதிய நாடகத்துக்கு மக்களே கிடைக்கவில்லை. என் மகள் மட்டும் பழைய பருத்திச் சுடிதாரில் நின்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் நாடகத்தையே கைவிட்டிருப்பேன். அவள்தான் அந்தக் கூட்டத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தட்ஸ் பெட்டர் என்றாள். பதினோரு பேரும் ராஜாவாகவே இருக்கட்டும், தான் மட்டும் குடிமகள் என்றாள். அந்தக் குடிமகள் பாட்டுக்கு எழுந்து போய்விட்டால் இவர்கள் எதற்கு ராஜா? ஆங்கிலத்தில் அவள் கேட்ட அந்தக் கேள்வியைத் தமிழாக்கியது மட்டும்தான் என் வேலை. "நான் எழுந்து போயிட்டா நீங்க எல்லாம் யாருக்கு ராஜா?" இரண்டு வருடம் உட்கார்ந்து நான் எழுதிய எம்.ஏ. பரீட்சைகள் எல்லாவற்றையும் அந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

கதை மாறியது. குடிமகளிடம் ஒரு தொட்டியில் ஒரு தக்காளிச் செடி, அதில் ஒரு பழம். பதினோரு ராஜாக்களும் அந்தப் பழம் தன் ராஜ்யத்தில் காய்த்தது என்று சண்டை போடுகிறார்கள். கடைசியில் அவள் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி, பார்வையாளர் நடுவே நடந்து கதவு வரை போய்விடுகிறாள். ராஜாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கிரீடங்களைக் கழற்றித் தரையில் குவிக்கிறார்கள். முடிந்தது.

அந்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் பொற்காலம். அவளுக்கு 'எழுந்து' வராது, 'எளுந்து' என்பாள். பல் துலக்கும்போதும், ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். வசனத்துக்காகத் தொடங்கிய தமிழ் மற்றதற்கும் பரவியது. "அம்மா, நான் எழுந்து போயிட்டா நீ யாருக்கு தோசை சுடுவ?" என்பாள். அவள் அத்தா, அதாவது என் கணவர், ரயிலிலிருந்து இறங்கி வந்து ஷூவைக் கழற்றுவதற்குள், "அத்தா, நீங்க எழுந்து போயிட்டா உங்க மேனேஜர் யாருக்கு மேனேஜர்?" என்று கேட்பாள். அவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நான் சந்தோஷத்தில் மிதந்தேன். பதினோரு வருடமாக நான் தமிழில் பேசி அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்ன வீடு அது.

அந்த மிதப்பில்தான் அடுத்த காரியத்தில் இறங்கினேன். டீச்சர்களில் நாலு பேருக்குத் தேர்தல் விஷயத்தில் மனக்குறை இருந்தது. பள்ளியின் நிஜமான வேலை அத்தனையும் மூன்றாம் நிலை டீச்சர் ஒருவர்தான் பார்த்தார். புத்தகம் வரவழைப்பது, லீவு போட்டவர் வகுப்பை எடுப்பது, கடைசியில் வெள்ளைப் பலகையை அழித்து நாற்காலியை அடுக்குவது வரை. இந்த முறை அவர் பெயரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிவது என்று நாங்கள் தீர்மானித்து, தலைவர் இல்லாத ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கினோம். யாரும் சந்தேகப்படாமல் இருக்க அதற்குக் 'கார்பூல்' என்று பெயர் வைத்தோம். உலகில் பல புரட்சிகள் காபிக் கடைகளில் உருவாயின. எங்களுடையது, யார் பிள்ளையை யார் கூட்டிவருவது என்ற செய்திகளுக்கு நடுவில் உருவானது.

யார் கையைத் தூக்கிப் பெயரைச் சொல்வது என்ற இடத்தில் குரூப் அரை நாள் அமைதியாக இருந்தது. ஒருவர் வீட்டுக்காரர் தலைவர் கம்பெனியில் வேலை. ஒருவர் மகனுக்குக் கல்லூரி விண்ணப்பத்தில் தலைவர் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். மூன்றாம் நிலை டீச்சரோ, தன் பெயரைத் தானே சொல்வது அசிங்கம் என்றார். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்கதானே ஹிஸ்டரி படிச்சவங்க." எத்தனை வருடமாகக் காத்திருந்த வாக்கியம்! நான் தூக்குகிறேன் என்று உடனே எழுதிவிட்டேன். என் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான் என்பது எழுதின பிறகுதான் ஞாபகம் வந்தது. விசா நீட்டிப்பு அந்த மாதம்தான்.

கணவரிடம் சொன்னேன். "பெட்டிஷன்ல இன்னும் சைன் ஆகல. ரெண்டு தடவை ஆபீஸுக்கு மெயில் போட்டேன், ரிப்ளை இல்ல. நான் வேணாம்னு சொல்லல. ஆனா டைமிங் பார்த்துக்கோ" என்றார். தலைவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் சொன்னேன். அவரும் இல்லை என்றுதான் சொன்னார். இரண்டு பேரும் அதை நாலைந்து முறை சொல்லிக்கொண்டோம்.

மகளிடமும் சொன்னேன். அது தேவையே இல்லாத பெருமை. நாடகம் முடிந்ததும் அம்மா நிஜத்திலும் ஒன்று செய்யப் போகிறேன், பார் என்றேன். அவள் கண் விரிந்தது. கதவுப் பக்கம் நின்று பார்ப்பதாகச் சொன்னாள், தன் நாடகத்தில் நடந்து போய்ச் சேர்கிற அதே கதவு.

விழா அன்று நாடகம் பிரமாதமாக நடந்தது. மீசை ராஜாவின் மீசை நடுவில் விழுந்தது, அதை இன்னொரு ராஜா தன் ராஜ்யத்தில் விழுந்ததென்று எடுத்துக்கொண்டான். அதை நான் எழுதவில்லை. என் மகள் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னாள். ழகரம் கணீரென்று விழுந்தது. அவள் நடுவழியே நடந்து கதவு வரை போனாள். பதினோரு கிரீடங்களும் மேடைத் தரையில் குவிந்தன. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். முதல் வரிசையில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ட்ரேக்களின் மூடி திறக்கப்பட்டது. பொருளாளர் மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். தலைவரின் பதின்மூன்று வருடச் சேவையைப் பாராட்டி நிர்வாகக் குழு ஒரு சிறு மரியாதை செய்ய விரும்புகிறது என்றார். பொன்னாடை வந்தது. அதை வாங்கிவந்தது எங்கள் கார்பூல் குரூப்பின் ஆள்தான், இரண்டாம் நிலை டீச்சர். என் கண்ணைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு இறங்கினார். செங்கோல் வந்தது. கிரீடம் வரவில்லை. இந்தியாவிலிருந்து வரவேண்டிய பார்சல் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம். பொருளாளர் கீழே பார்த்தார். அவர் காலடியிலேயே பதினோரு கிரீடங்கள் கிடந்தன.

"இதைவிடப் பொருத்தமா வேற என்ன வேணும்! நாடகம் எழுதின நம்ம டீச்சரே வந்து தலைவருக்குக் கிரீடம் சூட்டணும்னு அன்போட கேட்டுக்கறேன்."

வேண்டாம் என்று தலையாட்டலாம். ஆட்டவில்லை. நாம்தான் மேடைக்குக் கூப்பிட்டால் போகிற ஜாதியாயிற்றே! போனேன். குவியலில் பெரியதாகத் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரியாதை செய்வதென்று ஆன பிறகு அளவு சரியாக இருக்க வேண்டாமா? தலைவர் எனக்கு வசதியாகக் குனிந்தார். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று நிஜமான கூச்சத்தோடு சொன்னார். வைத்தேன். ஜிகினா என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. கேமராக்கள் எங்களை எடுத்துத் தள்ளின.

நான் இறங்குவதற்குள் பொருளாளர் அடுத்ததைத் தொடங்கிவிட்டார். "அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் நம்ம தலைவரே தொடரணும்னு நினைக்கிறவங்க எல்லாம்..."

மைக் என்னிடமிருந்து ஓரடி தூரம். கையைத் தூக்கி ஒரு பெயரைச் சொன்னால் போதும், ஐந்து விநாடி வேலை. அரங்கத்தின் மறு கோடியில், கதவருகே, தக்காளித் தொட்டியோடு என் மகள் நின்றாள். அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நடுவரிசையில் அவள் அத்தா உட்கார்ந்திருந்தார். அவர் வேண்டாம் என்று தலையாட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைன் ஆகாத அந்தக் காகிதம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம், வீட்டு லீஸ், அவளுடைய அறை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. என் இரண்டு கையும் மேலே வந்தன. வந்து, ஒன்றோடொன்று தட்டின.

நன்றாகவே தட்டினேன். ஜிகினா பறந்தது.

கதவு திறந்து மூடியது எனக்குக் கேட்கவில்லை. கைதட்டல் அவ்வளவு பலமாக இருந்தது. மறுபடி பார்த்தபோது அங்கே அவள் இல்லை. நாடகத்தில் அந்தக் கதவு வரைதான் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன்.

சாப்பாட்டு வரிசையில் தலைவர் என்னைத் தேடி வந்தார். கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். "பிரமாதமான நாடகம்மா. அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி இருக்கே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கார்பூல் விஷயம் எனக்குத் தெரியும்மா. போன வாரமே ஒருத்தர் சொன்னாங்க. நீங்க யாராவது பேர் சொல்லுவீங்க, நிம்மதியா ஒதுங்கிக்கலாம்னு இருந்தேன். வயசாச்சில்ல? ஒருத்தரும் வாயே திறக்கல." பாதி வருத்தம், பாதி திருப்தி, எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிஜமாகவே ஒதுங்கியிருப்பாரா என்பதும் தெரியாது. போகிற போக்கில் திரும்பி இதையும் சொன்னார். "ஆங், சொல்ல மறந்துட்டேன். உங்க வீட்டுக்காரர் பெட்டிஷன் வெள்ளிக்கிழமையே சைன் பண்ணி அனுப்பியாச்சு. ஆபீஸ்ல சொல்லலியா? சாப்பிட்டீங்களாம்மா?"

நான் தயிர் சாதத் தட்டோடு நின்றேன். அவர் எங்களை மிரட்டவே இல்லை. ஒரு வார்த்தை, ஒரு பார்வை, ஒன்றும் இல்லை. மிரட்டல், தண்டனை, சிறை எல்லாவற்றையும் நாங்களே எங்கள் செலவில் ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். புத்தகங்களில் படித்த ராஜாக்கள் பாவம், சேனையெல்லாம் வைத்துக் கஷ்டப்பட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வேறு எந்தப் பெரிய வார்த்தையும் அதற்குப் பொருந்தாது.

மகள் காருக்குப் பக்கத்தில் நின்றாள். பின் சீட்டில் ஏறித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கணவர் காரை எடுத்தார். நான் திரும்பி உட்கார்ந்து விசா, கையெழுத்து, பொறுப்பு என்று என்னென்னவோ சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் தமிழில் கேட்டாள்.

"அவர் உன்ன திட்டினாரா?"

"இல்ல."

"அத்தாவ வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னு சொன்னாரா?"

"இல்லம்மா."

"அப்போ?"

வீடு வரை இருபது நிமிடம். அந்த 'அப்போ'வுக்கு நான் ஆயத்தம் செய்த பதில்கள் எல்லாம் சிக்னலுக்கு ஒன்றாகக் கழன்று விழுந்தன. கணவர் வழக்கத்தைவிட ஜாக்கிரதையாக ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் அவள் தொட்டியைப் பால்கனியில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அந்த வாரம் முழுவதும் ஓகே, ஃபைன், வாட்டெவர் என்ற மூன்று வார்த்தைகளில் எங்கள் குடும்பம் நடந்தது. சாப்பிட அழைத்தால் ஓகே. ஸ்கூல் எப்படி என்றால் ஃபைன். மூன்றாவது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் போட்டோக்கள் குரூப்பில் வந்தன. தலைவர் குனிய, நான் எம்பிக் கிரீடம் வைக்கும் படத்துக்குத்தான் அதிக இதயங்கள். கார்பூல் குரூப்பில் ஒருவர் 'டீச்சர், செம க்ளிக்' என்று எழுதினார். மூன்றாம் நிலை டீச்சர் அடுத்த ஞாயிறு நாற்காலிகளை முன்கூட்டியே அடுக்கி வைப்பது பற்றி ஒரு நினைவூட்டல் அனுப்பினார், வேறொன்றும் எழுதவில்லை. என் முன்மொழிவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் தங்களையும் கேட்க வேண்டியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு அவள் அறைக் கதவைத் தட்டினேன். போர்வைக்குள் இருந்தாள்.

"எழுந்திரும்மா. கிளாஸுக்கு நேரமாச்சு."

போர்வை விலகவில்லை. ஆங்கிலத்தில் ஏதாவது வரும், அதற்கு ஓர் அதட்டல் போடலாம் என்று தயாராக நின்றேன்.

"நான் எழுந்துக்கல. நீ போம்மா. உனக்குத்தான் பதினோரு பேர் இருக்காங்களே."

தமிழில்தான் சொன்னாள். ழகரம் சுத்தமாக இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த டீச்சராக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு போய், பன்னிரண்டு மணி வரை பதினோரு பேருக்குப் பாடம் நடத்தினேன்.